‘அவங்க’ என்று சொன்னது யாரை?

நான் உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கத் தொடங்கிய நான்காவது ஆண்டில், முப்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் தூக்கம் வரவில்லை என்று வந்தார். படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது, விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் கண் அசருகிறது, வேலையில் கவனம் நிற்கவில்லை. இங்கே நான் எழுதும் எல்லோருடைய விவரங்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன், சிலருடைய அனுபவங்களைக் கலந்தும் இருக்கிறேன்.

அவருடைய பேச்சில் ஒருவர் அடிக்கடி வந்துபோனார். “அவங்ககிட்ட சொன்னேன்”, “அவங்களுக்கும் இது கஷ்டமா இருக்கு”, “அவங்க வேலை மாத்திக்கிட்டுப் போயிருவாங்களோன்னு பயம்.” நான் குறிப்பேட்டில் ‘காதலன், வேலை மாற்றம், பிரிவு அச்சம்’ என்று எழுதினேன். மூன்றாவது அமர்வில், “உங்க பாய்ஃபிரெண்ட் கல்யாணத்தைப் பத்தி என்ன சொல்றார்?” என்று கேட்டேன். ஒரு கணம் என்னைப் பார்த்தவர், “அதெல்லாம் இன்னும் பேசலை மேடம்” என்றார். ஐந்தாவது அமர்வு முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது, கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “மேடம், அவங்க பொண்ணு” என்றார்.

நான், “அதனால என்ன, பரவாயில்லை” என்றேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் அவர் வரவில்லை.

தமிழில் ‘அவர்’, ‘அவங்க’ என்ற சொற்களுக்கு ஆண், பெண் வேறுபாடு கிடையாது. மரியாதைக்காக வந்த சொல், தன் துணை யார் என்று வெளியில் சொல்ல முடியாத பெண்களுக்கு ஒரு மறைவிடமும் ஆகிவிட்டது. ஒரு பொய்யும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் அதற்குள் இருந்துகொள்ளலாம். இந்த ஐந்து அமர்விலும் அவர் என்னிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அவர் சொல்லாத ஆணை உருவாக்கிக்கொண்டது என் காதுதான். நான் எங்கே போய் நிற்கிறேன் என்று பார்ப்பதற்காகவே அவர் அந்தச் சொல்லை அப்படி வைத்துப் பேசியிருக்கிறார்.

மூன்றாவது வாரம் திரும்பி வந்தார். “நீங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னீங்க, எனக்குத் தெரியும். ஆனா பரவாயில்லைன்னு சொன்னீங்களே, நான் எந்தத் தப்பும் பண்ணலையே மேடம்” என்றார். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். காலை மிதித்தவர் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை என்கிறோம். நேரம் கழித்து வந்தவரிடம் சொல்கிறோம். ஒரு குறையைப் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளும்போது சொல்லும் சொல் அது.

இப்போதெல்லாம் ஒருவர் முதன்முதலில் சொல்லும்போது, “என்னை நம்பிச் சொன்னதுக்கு நன்றி. சொன்னப்புறம் இப்போ எப்படி இருக்கு?” என்று மட்டும் கேட்கிறேன். பிறகு பேசாமல் இருக்கிறேன். இப்படிப்பட்ட செய்தி பெரும்பாலும் அமர்வின் கடைசி நிமிடங்களில்தான் வருகிறது. சொல்லிவிட்டு உடனே எழுந்து போக வசதியாக அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அப்போது அவரைப் பிடித்து உட்காரவைத்துத் துருவக் கூடாது. அடுத்த அமர்வைச் சீக்கிரமாக வைத்து, “இன்னைக்கு ராத்திரி ‘ஏன்டா சொன்னோம்’னு தோணலாம், அப்படித் தோணினா அதையும் வந்து சொல்லுங்க” என்று சொல்லி அனுப்புகிறேன். அந்த ஒரு வாக்கியத்தால் திரும்பி வந்ததாகச் சிலர் பிறகு சொல்லியிருக்கிறார்கள்.

பாய்ஃபிரெண்ட் என்று சொன்னதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதையும் சுருக்கமாகத்தான் கேட்க வேண்டும் என்று அப்போது தெரியாது. நான் நீட்டிக்கொண்டே போக, கடைசியில் அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது. பணம் கொடுத்து உதவி தேடி வந்தவருக்கு அந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. “நானா ஒரு முடிவுக்கு வந்துட்டேன், அது என் தப்பு” என்றால் போதும்.

அவருடைய தூக்கத்துக்கு வருவோம். முதல் அமர்விலேயே வழக்கமான ஆலோசனை ஒன்றைக் கொடுத்திருந்தேன்: இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். பலருக்கும் உதவுகிற ஆலோசனைதான். அவரோ பெற்றோருடன் இருக்கிறார். கைப்பேசி கூடத்தில் இருந்தால் யார் கையிலும் போகலாம், திரையில் எந்த நேரமும் ஒரு செய்தி மின்னலாம். அந்த வாரம் அவர் துளியும் தூங்கவில்லை. காரணத்தைச் சொல்லவும் முடியாமல், “முயற்சி பண்றேன் மேடம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று அன்றைய செய்திகள், படங்கள், அழைப்புப் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவாராம். படுத்த பிறகு ஏதாவது ஒன்றை அழிக்காமல் விட்டுவிட்டோமோ என்ற எண்ணம் வரும். படபடப்பு அங்கேதான் தொடங்கியது.

என் வேலையை மேற்பார்வை செய்த மூத்த ஆலோசகர் இதைக் கேட்டுவிட்டு, இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003-இல் எழுதிய கட்டுரையைப் படிக்கச் சொன்னார். தன் பாலினத்தவரிடமே ஈர்ப்புள்ளவர்கள் போன்ற சிறுபான்மையினருக்கு ஏற்படும் கூடுதல் மன அழுத்தத்தைப் பற்றியது அது. நேரடியாக நடக்கும் அவமதிப்பும் வன்முறையும் ஒரு பக்கம். அப்படி ஏதாவது நடந்துவிடுமோ என்ற ஓயாத எதிர்பார்ப்பு, தன்னை மறைத்துக்கொண்டே இருக்கும் உழைப்பு, உலகம் தன்னைப் பற்றிச் சொல்லும் இழிவைத் தானே நம்பிவிடுவது என்ற மூன்றும் இன்னொரு பக்கம். யாரும் கையை ஓங்காத நாளில்கூட இந்த இரண்டாவது பக்கம் வேலை செய்துகொண்டேயிருக்கும். அவருடைய தூக்கமின்மையை நான் அதுவரை அவருக்குள் இருக்கும் ஒரு பழுதாகப் பார்த்திருந்தேன். அவருடைய உடலோ காவல்காரனைப் போல ஒவ்வொரு இரவும் விழித்திருந்து அவரைப் பாதுகாத்துக்கொண்டிருந்தது. காவல் வேலையைக் குறைக்க என்ன செய்யலாம் என்று இருவரும் சேர்ந்து யோசித்தோம். செய்தி தானாக அழியும் செயலி, திரையில் அறிவிப்பு வராதபடி அமைப்பு, பேசுவதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு நேரம் என்று மிகச் சாதாரணமான ஏற்பாடுகள்தான். இரண்டு மாதத்தில் தூக்கம் ஓரளவு சீரானது. மூச்சுப் பயிற்சி அதற்குப் பிறகுதான் பலன் தந்தது.

எங்கள் துறையின் பழைய கணக்கையும் நான் அப்போதுதான் சரியாகப் படித்தேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973-இல். உலக சுகாதார நிறுவனம் அதைச் செய்தது 1990-இல். அப்போதும் கதவு முழுக்கத் திறக்கவில்லை. தன் ஈர்ப்பு தனக்கே பிடிக்காமல், அதை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர் என்று ஒரு நோய்க்குறிப்பு அந்த நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் இருந்தது. 2019-இல் ஏற்கப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில்தான் அதுவும் போனது. ஒருவரைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து அவருக்குத் தன்னையே வெறுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, பிறகு ‘இவருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை’ என்று அவர் பெயரிலேயே நோய் எழுதிய காலம் அது. எங்களிடம் வருகிறவர்கள் தயங்குவதற்கு இந்த வரலாறும் காரணம். அதனால் ஒருவர் என்னை நம்ப நாளாகிறது என்றால் அதை ஆலோசனைக்கு அவர் காட்டும் ‘எதிர்ப்பு’ என்று இப்போது எழுதுவதில்லை.

“என்னை மாத்திருங்க” என்று கேட்பவர்கள் வருகிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. 2003-இல் ராபர்ட் ஸ்பிட்சர் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர், 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலரால் மாற முடிகிறது என்று ஓர் ஆய்வை வெளியிட்டார். 1973-இல் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப் பாடுபட்டவரும் அவர்தான் என்பதால் அந்த ஆய்வுக்குப் பெரிய மதிப்பு கிடைத்தது. அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று ஒப்புக்கொண்டு 2012-இல் அவரே மன்னிப்புக் கேட்டார். ஈர்ப்பை மாற்றும் முயற்சிகள் பலன் தருவதற்குத் தகுந்த சான்று இல்லை, தீங்கு வரக்கூடும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009-இலேயே சொல்லியிருந்தது. ஆகவே இதில் என் பதில் உறுதியானது: மாற்ற மாட்டேன், மாற்றுவதாகச் சொல்பவரிடம் அனுப்பவும் மாட்டேன்.

ஆனால் அந்தப் பதிலை முதல் வாக்கியமாகச் சொன்னால், எதிரே இருப்பவருக்குக் கதவைச் சாத்தியது போல் ஆகிவிடும். இருபது வயதுப் பெண் ஒருவர் இப்படிக் கேட்டபோது, “மாறிட்டா உங்க வாழ்க்கையில எதெல்லாம் வேற மாதிரி இருக்கும்?” என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, “எங்கம்மா அழ மாட்டாங்க” என்றார். அன்று அவர் ஈர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அம்மாவைப் பற்றியே பேசினார். அதன் பிறகு, அறிவியல் என்ன சொல்கிறது, நான் எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கடவுள் நம்பிக்கை ஆழமாக உள்ளவர்களிடமும் இதே நிதானம் வேண்டும். நம்பிக்கையை விடு, அல்லது உன்னை விடு என்று நாம் தேர்வு வைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாழ வழி தேடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அந்தத் தேடலுக்குத் துணையிருக்க ஆலோசகருக்கு அதே நம்பிக்கை இருக்க வேண்டிய அவசியமில்லை.

என்னுடைய பெரிய தவறு, நான் ஓரளவு தெரிந்துகொண்ட பிறகு நடந்தது. படித்ததன் உற்சாகத்தில் இருந்தேன். விவியன் காஸ் என்ற உளவியலாளர் 1979-இல் எழுதிய அடையாள உருவாக்கப் படிநிலைகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் குழப்பத்திலிருந்து ஏற்பு, பெருமை என்று மேலே ஏற வேண்டும் என்று நினைத்தேன். வெளியே சொல்வதுதான் குணமடைவது என்று எனக்குள் ஓர் எண்ணம் ஊறிவிட்டது. ஓர் இளம்பெண்ணிடம், “உங்க அக்கா உங்க மேல பாசமா இருக்காங்கன்னு சொல்றீங்களே, அவங்ககிட்ட சொல்லிப் பாருங்களேன்” என்று இரண்டு முறை சொன்னேன். அவர் சொன்னார். அக்கா அன்று இரவே பெற்றோரிடம் சொல்லிவிட்டார். கைப்பேசி பிடுங்கப்பட்டது, படிப்பு நிறுத்தப்பட்டது, எங்கள் அமர்வுகளும் நின்றன. ஏழு மாதம் கழித்து வேறொரு எண்ணிலிருந்து, ‘நல்லா இருக்கேன், வேலைக்குப் போறேன்’ என்று ஒரு செய்தி வந்தது. அந்த ஏழு மாதமும் அவர் என்ன பட்டார் என்று எனக்கு முழுதாகத் தெரியாது. அந்த அக்காவை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, ஆனாலும் அவரைப் பற்றி உறுதி சொன்னேன்.

அதன் பிறகு யாரிடமும் சொல்லுங்கள் என்று நான் சொல்வதில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்வதில்லை. சொல்ல விரும்புகிறவரோடு உட்கார்ந்து மிகச் சாதாரணமான நடைமுறை விஷயங்களைப் பேசுகிறேன். பேச்சு மோசமாகப் போனால் அன்றிரவு எங்கே படுப்பீர்கள்? கையில் எத்தனை நாளுக்குப் பணம் இருக்கிறது? சான்றிதழ்களும் அடையாள ஆவணங்களும் யாரிடம்? கைப்பேசியின் கடவுச்சொல் வேறு யாருக்குத் தெரியும்? முதலில் யாரிடம் சொன்னால் அது மூன்றாமவருக்குப் போகாது? சிலர் இதையெல்லாம் எழுதிப் பார்த்துவிட்டு இப்போது வேண்டாம் என்கிறார்கள். அந்த முடிவைக் கோழைத்தனமாகப் பார்க்கக் கூடாது. வாழ்நாள் முழுவதும் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்து, நிறைவாக வாழ்பவர்களையும் எனக்குத் தெரியும்.

ரகசியம் காக்கும் பொறுப்பு ஆலோசகரோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் அடிபட்டுத்தான் கற்றோம். நான் முன்பு இருந்த இடத்தில், நேரம் மாறியதைச் சொல்ல வரவேற்பில் இருந்தவர் ஒருவருடைய வீட்டு எண்ணுக்கு அழைத்துவிட்டார். அழைப்பை எடுத்தது அப்பா. ‘கவுன்சலிங்கா, எதுக்கு?’ என்று தொடங்கிய விசாரணை பல நாள் நீடித்தது. இப்போது எங்கள் படிவத்தில் முதல் கேள்வியே, ‘உங்களை எந்த எண்ணில், எந்த நேரத்தில் அழைக்கலாம்? வேறு யாராவது எடுத்தால் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?’ என்பதுதான். திருமணமானவரா, ஆகாதவரா என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, ‘வாழ்க்கையில் நெருக்கமானவர் இருக்கிறாரா? அவரை நாங்கள் எப்படிக் குறிப்பிட வேண்டும்?’ என்று வைத்தோம். கோப்பில் ஈர்ப்பைப் பற்றி எழுதும் முன், இது அவசியம்தானா என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். எழுதினால் யார் யார் படிக்க முடியும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

சொற்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். ‘ஓரினச்சேர்க்கை’ என்ற சொல் ஒரு மனிதரின் அன்பு முழுவதையும் படுக்கைக்குள் சுருக்கிவிடுகிறது. ‘தன்பாலீர்ப்பு’ அந்த வகையில் மேல், ஆனால் அமர்வில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. சிலர் தங்களை லெஸ்பியன் என்று நிமிர்ந்து சொல்கிறார்கள். சிலருக்கு அதே சொல் பள்ளிக்கூடத்தில் கேலியாகக் காதில் விழுந்த சொல், இன்றும் சுடுகிறது. “எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்கும்” என்பதோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அவர் எந்தச் சொல்லை வைத்திருக்கிறாரோ அதுவே எனக்கும். துணையை அவர் ‘தோழி’ என்றால் நானும் தோழி என்கிறேன், ஆனால் அந்தத் தோழியின் எடை என்ன என்பதை மறப்பதில்லை.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒருவர் சொன்னது: ஒன்பது ஆண்டு கூட வாழ்ந்தவர் பிரிந்து போனார். வேலையிடத்தில் விடுப்புக் கேட்கக் காரணம் சொல்ல முடியவில்லை. வீட்டில், “ஃபிரெண்டுதானே, வேற ஃபிரெண்டு கிடைப்பாங்க” என்றார்கள். கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்: சமூகம் ஒத்துக்கொள்ளாத, வெளிப்படையாக அழ அனுமதிக்காத துக்கம். அந்தப் பெண்ணோடு நான் செய்த வேலையில் பாதி, அந்த ஒன்பது ஆண்டும் உண்மையாக நடந்தது என்பதற்கு ஒரு சாட்சியாக உட்கார்ந்திருந்ததுதான். முதல் ஆண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு சண்டையாக அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. இரண்டு பெண்கள் தம்பதியாக ஆலோசனைக்கு வந்தார்கள். நான் குடும்பம், சமூகம், அடையாளம் என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர்களில் மூத்தவர் பொறுமையிழந்து, “மேடம், எங்க பிரச்சினை பணம். இவ என்கிட்ட கேக்காம கடன் வாங்கியிருக்கா” என்றார். எந்தத் தம்பதியிடமும் கேட்கும் கேள்விகளை அவர்களிடமும் கேட்டிருக்க வேண்டும். உங்களில் யார் கணவன் மாதிரி, சின்ன வயதில் ஏதாவது தவறாக நடந்ததா என்ற கேள்விகள் நம் ஆர்வத்துக்காகக் கேட்பவை. அவற்றைக் கேட்பதை விட்டுவிட வேண்டும். ஆனால் வன்முறையைப் பற்றிக் கேட்பதை விடக் கூடாது. இருவரும் பெண்கள்தானே என்று அதைத் தாண்டிப் போகிறோம். ‘உன் வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்று மிரட்டிப் பிடித்துவைப்பதும் வன்முறைதான். அதனால் தம்பதியாக வந்தாலும் ஒருமுறையாவது இருவரையும் தனித்தனியே பார்க்கிறேன்.

தாய்மார்களும் வருகிறார்கள். “நான் எங்க தப்புப் பண்ணேன்?” என்பதுதான் அவர்களுடைய கேள்வி. உங்கள் வளர்ப்பால் வந்ததல்ல என்று சொல்கிறேன், அவர்களுடைய பயத்துக்கும் நேரம் கொடுக்கிறேன். மகள் என்னிடம் சொன்னதில் ஒரு வரியைக்கூட அவர்களிடம் சொல்வதில்லை. முடிந்தவரை அவர்களுக்கு வேறொரு ஆலோசகரை ஏற்பாடு செய்கிறேன். ஒருவரே இரண்டு பக்கமும் கேட்டால், மகளுக்கு அந்த அறையும் எதையும் மறைத்துப் பேச வேண்டிய வீடு மாதிரி ஆகிவிடும்.

நான் ஆணை மணந்தவள். “உங்களுக்கு இது புரியுமா மேடம்?” என்று நேராகவே கேட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் மழுப்புவேன். இப்போது, “வாழ்ந்து தெரிஞ்சதில்லை. கேட்டும் படிச்சும் தெரிஞ்சதுதான். நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டா நிறுத்திச் சொல்லுங்க. தன்பாலீர்ப்புள்ள ஆலோசகர்தான் வேணும்னு தோணினா தேடித் தர்றேன்” என்கிறேன். சிலர் அப்படிப் போயிருக்கிறார்கள். ஆனால் அடிப்படை விஷயங்களைக்கூட எனக்குக் கற்றுக்கொடுக்கும் சுமையை அவர்கள் மேல் வைக்கக் கூடாது என்பதால், தெரியாததை அமர்வுக்கு வெளியே படித்துக்கொள்கிறேன். என் சங்கடம், பரிதாபம், அளவு மீறிய அக்கறை எல்லாவற்றையும் மேற்பார்வையாளரிடம் எடுத்துப் போகிறேன்.

இப்போது ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதற்றம் என்று வந்தார். மூன்று அமர்வு முடிந்திருக்கிறது. அவருடைய பேச்சிலும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு உடம்பு சரியில்லை. “அவங்களுக்கு அடுத்த வாரம் ஸ்கேன்” என்றார் போன முறை. “அவங்ககூட யார் போறாங்க?” என்று கேட்டேன். “நான்தான்” என்றார். என் குறிப்பேட்டில் ‘அவங்க’ என்றே எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை மறுபடி வருகிறார், ஸ்கேன் முடிவோடு.